‘சொன்னியா?’ என்று கேட்ட மல்லிகா அக்கா

தாம்பரம் ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மல்லிகா அக்கா மாரடைப்பில் போய்விட்டாராம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனைக்குப் போன உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். வலிக்காமல் ஊசி குத்துகிறவர் என்பீர்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயம்.

என் மகளுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். நோய் தெரிந்த அன்றே என் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “எங்க வம்சத்துல யாருக்கும் இது கிடையாது. எல்லாம் அவ கொண்டு வந்தது.” என் மனைவி ரேவதியைத்தான் அப்படிச் சொன்னார்.

எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தவர் மல்லிகா அக்காதான். ரிப்போர்ட்டில் ‘ரிசசிவ்’ என்றிருந்ததைக் காட்டி, “என்னக்கா இது?” என்றேன்.

“ஒடுங்கு பண்புன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பியே! ஜீன் எல்லாருக்கும் ஜோடியாத்தான் கீது. ஒண்ணு கெட்டிருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சிடும். ஆளப் பாத்தா தெரியாது. உன்கிட்ட ஒரு கெட்டது, ரேவதிகிட்ட ஒரு கெட்டது. ரெண்டும் கொழந்தைகிட்ட வந்து சேந்துடுச்சி. வம்சத்துல நோய் இல்லன்னா ஜீனே இல்லன்னு அர்த்தமில்லப்பா. மொதல்ல வூட்டுக்குப் போய் உங்கம்மாகிட்ட சொல்லு.”

நான் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ரேவதிக்கு எல்லாம் தெரியும். நானே சொல்வேன் என்று காத்திருந்தாள். அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன?

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அக்கா கேட்பார், “சொன்னியா?”

“சொல்றேன்கா.”

ஒருநாள் கத்தியே விட்டார். “நீ இன்னா ஆளுய்யா! ரெண்டு பேரு குடுத்தத ஒருத்தி தலைல கட்டிட்டு கம்முனு கீறியே!” வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பீர்க்கன்கரணையில் அக்கா வீட்டுக்குப் போய் அவருக்கு மாலை போட்டுவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் அம்மா வாளியோடு நின்றிருந்தார். “மொதல்ல தலைக்கு ஊத்திக்கோ. அப்பறம் பேசலாம்.”

குளிக்காமலே சொன்னேன். குழந்தையின் நோயில் பாதி என்னிடமிருந்து வந்தது, ரிப்போர்ட்டில் அன்றைக்கே இருந்தது என்று சொன்னேன். அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

“நாலு வருஷமா ஏன்டா சொல்லல? அந்தப் பொண்ண நான் என்னென்ன பேசிட்டேன்!”

உள்ளே, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ரேவதி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இதச் சொல்றதுக்கு அக்கா சாகணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒற்றைக் கேள்விதான். சொல்லிட்டேன்கா. நீங்கள் கேட்டபோது சொல்லவில்லை.