கலுங்கை அடைத்த ஊர்

வெள்ளத் தடுப்பை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். சீசன் முடிந்து மெஷின் சும்மா கிடக்கும் மாதங்களில் ரசமட்டத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கண்மாய் கண்மாயாக அலைந்து, தண்ணீர் எங்கே ஏறும், எங்கே உடைக்கும் என்று நானே கற்றுக்கொண்டேன். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தேன். வானம் பார்த்த பூமியில் வெள்ளத்துக்கு வகுப்பா என்று சிரிக்காத டீக்கடை இந்த ஜில்லாவில் கிடையாது.

ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மட்டும் சிரிக்காமல் கேட்டார்கள். கரை அரித்தால் மணல்மூட்டையை எப்படி அடுக்குவது என்று செய்து காட்டினேன். செங்கல் வைப்பது மாதிரி இடைவெளி மறைத்து, மூட்டை வாயை மடித்து, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து இறுக்க வேண்டும். கண்மாய்க்கடியில் நஞ்சை வைத்திருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கார்த்திகையில் அடைமழை. கண்மாய் நிறைந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கிடா வெட்டுகிறோம், வாங்க என்று அவர் கூப்பிட்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு பைக்கை எடுத்தேன். நிறைந்த கண்மாயில் உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து ஓட வேண்டும். அந்தப் படத்தில் ஓடவில்லை.

போய்ப் பார்த்தால் கலுங்கு முழுக்க மணல்மூட்டை. நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிசகில்லாமல். தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்திருந்தது. கரைக்குக் கீழே காலனி; பட்டாசுக்குக் குழாய் சுருட்டிப் பிழைக்கிறவர்களின் பழைய மண்சுவர் வீடுகள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மூட்டையை இழுக்கப் போன என் கையை நஞ்சைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"எத்தனையோ வருசத்துக்கு ஒருக்கா பெருகுது. அதையும் தொறந்துவிடச் சொல்றீகளா? நீங்க சொன்ன மாதிரிதானே சார் அடுக்கியிருக்கோம்."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். மூட்டையைத் தொடவிடவில்லை. கறி வெந்துகொண்டிருந்தது, எனக்கும் இலை போடச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. பேராசை பெருநஷ்டம் என்பார்கள். இங்கே ஆசை ஒருத்தனுக்கு, நஷ்டம் இன்னொருத்தனுக்கு. இவர்களுக்கா தொண்டை வறளப் பாடம் எடுத்தேன் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

காலனிக்கு ஓடினேன். வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஆட்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏற்றினேன். ஒரு பெண் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக ஏறும்போது கரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் நின்ற இடத்திலேயே கரைந்து உட்கார்ந்தன.

நஞ்சைக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்து என் பக்கத்தில் நின்றார். காலனிச் சனம் அழுதுகொண்டிருந்தது. அவர் கண்ணிலும் தண்ணீர். பரவாயில்லை, மனுசன்தான் என்று நினைத்தேன்.

"அம்புட்டுத் தண்ணியும் வீணாப் போச்சே, சார்" என்றார்.