ஒன்பதாவது நாற்காலி

என் அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓவியம் வரைவாரா? இல்லை. விற்பாரா? அதுவும் இல்லை. ஊரில் யாரும் கண்டுகொள்ளாத மனிதர்களைப் பற்றிக் கண்காட்சி வைப்பார். பதினோரு வருடமாக இதே தலைவலி.

இந்த முறை காவலாளிகள். வாசல்களில் அவர்கள் உட்காரும் நாற்காலிகளை, கயிறு கட்டித் துணி சுற்றி ஒப்பேற்றி வைத்திருப்பவற்றை, கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது வாங்கிவந்தார். எட்டுப் பேருக்கு மாற்று நாற்காலி போய்விட்டது. ஒன்பதாவது, காட்சிக்கூடத்து வாசல் காவலாளியுடையது. "இங்கேயேதான இருக்கார், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அண்ணி விட்டதுதான் வினை. திறப்பு விழாவன்று அவரைக் கூடத்துக்குள் காவலுக்குப் போட்டுவிட்டார்கள்.

நான் லீவில் வந்து எட்டிப்பார்த்தது மூன்றாம் நாள். ‘தொடாதீர்கள்’ பலகைக்குப் பக்கத்தில் அந்த மனிதர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். கணுக்கால் வீங்கி, ஷூவின் நாடாவை அவிழ்த்துவிட்டிருந்தார்.

"ஐயோ, மூணு நாளா நிக்கிறீங்களாண்ணே?" என்று என்னோடு வந்த அண்ணி பதறினார்.

"என்ன பண்றது மேடம், என் நாற்காலில நானே உக்காராம நான்தான பாத்துக்கணும்!"

அண்ணி வேறு நாற்காலி கேட்டுக் காட்சிக்கூட இயக்குநரிடம் ஓடினார்.

"காட்சிப் பட்டியல்ல இல்லாத நாற்காலி உள்ள வரக் கூடாதும்மா. பாக்கறவங்க குழம்பிடுவாங்கன்னு நீங்க எழுதின விதிதான?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். திரும்பிவந்து பலகையைக் கழற்றிக் கைப்பையில் திணித்தார். "இது பட்டியல்ல இருக்குல்ல? உக்காருங்கண்ணே."

அவர் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கல்லூரிக் கூட்டம் ஒன்று சுற்றிவளைத்தது. அவர்களுடைய பேராசிரியை, "அசையாதீங்க, இதுவும் படைப்புதான்" என்று கிசுகிசுத்தார். ஒருத்தி குறிப்பெடுத்தாள். "நிஜமாவே தூங்கறாரா, நடிக்கிறாராடா?" என்றான் ஒருவன். செல்போன்கள் உயர்ந்தன.

"அவரு கால் வலிக்குதுன்னு உக்காந்திருக்காருங்க!" என்று அண்ணி கத்தினார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

காவலாளி எழுந்து நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டார். "வாசல்லன்னா என்னை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க மேடம். நிம்மதியா உக்காருவேன்."

அண்ணி தடுக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பிறகு பட்டியலை எடுத்து, ஒன்பதாவது வரியில் ‘வேலைக்குப் போயிருக்கிறது’ என்று எழுதினார்.

"இதுக்கு அந்த மனுஷன் என்னைக் கடிச்சுக் குதறப்போறார்" என்று முனகிக்கொண்டே இயக்குநர் அறைப்பக்கம் நடந்தார்.