எரிமலையைக் காட்டிப் பிள்ளையைக் கூட்டிவரப் போனது

எரிமலையை நேரில் கண்டால் பிள்ளை பயந்துபோய் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நான் நம்பினேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற, மிசிசாகாவில் ஒரு பக்ரறியில் இருபது பேரை மேய்க்கிற மனிதன் இப்படி நம்பினான் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம்பினேன். நம்பிக்கை முற்றிப்போய் விமான ரிக்கெற்றும் வாங்கினேன்.

பிள்ளை என்றால் எங்களுடைய ஒரே மகள். எட்டு வயதில் எங்களோடு ஸ்காபரோவுக்கு வந்தவள். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில், யூனிவர்சிற்றி முடித்த கையோடு, ஜப்பானில் ஒரு சின்ன ஊருக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போனாள். ஒரு வருஷம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பதாவது மாதம் ரெலிபோன் எடுத்தாள். விருப்பமென்றால் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம், படிவம் ஒன்று தந்திருக்கிறார்களாம், யோசிக்கிறாளாம். என் மனைவி ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். கதைத்து முடித்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. போனில சொன்னா அவள் கேக்க மாட்டாள். நேர போனா உங்கட முகத்தைப் பாத்திட்டு வருவாள்."

"என்ர முகத்துக்கு அவ்வளவு பவர் இருந்தா பக்ரறியில ஒருத்தனாவது நேரத்துக்கு வேலைக்கு வருவானப்பா."

"பகிடி விடாதேங்கோ," என்றாள். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணீரின் காரணம் எது என்று நான் விசாரிக்கவில்லை.

மகளின் ஊருக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கிற எரிமலை ஒன்று உண்டு. அதன் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. அது புகை விடுகிற படத்தை மகள் அனுப்பியிருந்தாள். மனைவி அதை முதல்நாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள், அடுத்தநாள் கழற்றி லாச்சிக்குள் போட்டாள். அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. மகளை அந்த மலைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியது. வாயைப் பிளந்து புகைகிற குழியின் கரையில் நின்று, தகப்பன் என்கிற முறையில் கொஞ்சம் நடுங்க வேண்டியது. "இந்த நெருப்புக்குப் பக்கத்திலயோ பிள்ளை படுத்தெழும்புறாய்?" என்று குரலை உடைக்க வேண்டியது. மிச்சத்தை எரிமலை பார்த்துக்கொள்ளும்.

மலை ஏறப் பயிற்சி வேண்டுமே. எங்கள் அப்பார்ட்மென்றில் பதினான்கு மாடி. வேலையால் வந்து லிஃப்ற்றைத் தொடாமல் இரண்டு கிழமை படியால் ஏறினேன். ஏழாம் மாடிப் படியில் ஒளித்துச் சிகரெட் பிடிக்கிற அண்ணை ஒருவர் இருந்தார்.

"என்ன தம்பி, லிஃப்ற் பழுதோ?"

"இல்லையண்ணை. எரிமலைக்குப் போறன்."

"ஓ," என்றார், புகையை விட்டபடி. "அது எத்தினையாம் மாடி?"

நான் மகளின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு புதன்கிழமை. அந்தப் படிவம் அவளுடைய பிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும் என்றாள். கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் வேலைக்குப் போனபிறகு நான் அதைப் போய்ப் பார்ப்பேன். ஓர் எழுத்தும் விளங்காது. கையெழுத்து வைக்கிற வெற்றிடம் மட்டும் விளங்கும். அது வெறுமையாக இருக்கிறதைப் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எரிமலைக்குப் போனோம். நான்தான் கேட்டேன் என்பதில் அவளுக்கு ஆச்சரியம். நயாகராவையே காருக்குள் இருந்தபடி பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். பஸ் ஒரு பெரிய புல்வெளியில் இறக்கிவிட்டது. காசு கொடுத்தால் குதிரையில் ஏற்றினார்கள். மேலே போகக் கம்பியில் தொங்கிப் போகிற வண்டி இருந்தது. "நடப்பமப்பா," என்றாள் மகள். நடந்தோம். பாதி வழியில் புல் முடிந்துவிட்டது. பிறகு கறுப்புச் சாம்பலும் கல்லும்தான். சீனவெடி கொளுத்தி முடிந்த முற்றத்தின் மணம் வந்தது. பதினான்கு மாடியும் முதல் கால்மணி நேரத்திலேயே செலவாகிவிட, நான் காட்சி பார்க்கிறவன்போல அடிக்கடி நின்றேன். அவள் முன்னால் போய் நின்று, நான் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

மேலே போனதும் நான் முதலில் கண்டது எரிமலை வாயை அல்ல. பங்கர்களை. குழியின் கரையோடு வரிசையாக, முதுகு வளைந்த சீமெந்துப் பங்கர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளவுக்குள் கிடங்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டுச் செய்தவைக்கு இவை பணக்காரச் சொந்தக்காரர்கள்.

"உது என்ன பிள்ளை?"

"மலை வெடிச்சா கல்லுப் பறக்குமாம் அப்பா. அதுக்கு ஷெல்ரர்."

பிறகு குழியைப் பார்த்தேன். வெள்ளைப் புகை. காற்று அதை ஒதுக்கியபோது ஆழத்தில் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. நடுங்க வேண்டிய இடம் இதுதான். முயன்று பார்த்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. பெரிய பானை ஒன்று கொதிக்கிறது, அவ்வளவுதான். சரி, நடுக்கம் இல்லாமலே பேச்சைத் தொடங்குவோம் என்று, "பிள்ளை," என்றேன்.

சைரன் ஊதியது.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது சீமெந்துத் தரை. பங்கருக்குள் குப்புறக் கிடக்கிறேன். இரண்டு காதிலும் விரல். வாய் ஆவென்று திறந்திருக்கிறது. குண்டு விழுந்தால் காதுச் சவ்வு கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பது எங்களூர்ப் பாடம். பதினான்கு பதினைந்து வருஷம் கனடாவில் வரி கட்டியும் உடம்பு அதை மறக்கவில்லை. யாரோ என் தோளை உலுக்கினார்கள். மகள்.

"அப்பா, எழும்புங்கோ. இது பொம்மர் இல்லை. காஸ். காஸ் பாரம், வந்து இதுக்குள்ளதான் தேங்கும். வாயை மூடுங்கோ முதல்."

விஷவாயுவுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அது வந்து தேங்குகிற கிடங்குக்குள் ஓடிப்போய்ப் படுத்த ஒரே சுற்றுலாப் பயணி நான்தான். மகள் ஈரத் துவாய் ஒன்றை என் மூக்கில் அழுத்தி, கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். வெளியே ஒருவரும் ஓடவில்லை. மஞ்சள் தொப்பி போட்ட சின்னப் பிள்ளைகள் சோடி சோடியாகக் கைபிடித்து, காற்று வருகிற பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளி ஒருவர் எனக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். நானும் குனிந்தேன். முழங்காலில் சாம்பல்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. பிறந்தநாள் வீடுகளில், இரண்டாவது கிளாசுக்குப் பிறகு, கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். எங்கள் வளவுக்கு மேலே குண்டு போடுகிற பொம்மர் வந்த அன்று, ஆறு வயது மகளை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்து, அவளுக்கு மேலே கவிழ்ந்து படுத்த கதை. நல்ல கதை. பெண்கள் கண் துடைப்பார்கள்.

இறங்கும்போது அந்த ஞாபகத்தில் ஒரு பகிடி விட்டேன். "குறை நினையாதை பிள்ளை. இந்தமுறை உன்னை மூடிப் படுக்க நேரம் கிடைக்கேல்லை."

"அண்டைக்கும் இல்லைதானேயப்பா," என்றாள்.

"என்ன?"

"அண்டைக்கும் நீங்கள் முதல் ஓடிட்டீங்கள். அம்மாதான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவா. முன்னால உங்கட முதுகைப் பாத்துக்கொண்டு வந்தனான். நீலக்கோடு போட்ட சேட்."

குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்கிறவள்போலச் சொன்னாள்.

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் நல்லாச் சொல்லுவீங்களப்பா. எல்லாரும் வாயைப் பாத்துக்கொண்டு இருப்பினம்." சிரித்தாள். துவாயால் என் நெற்றிச் சாம்பலைத் துடைத்துவிட்டாள்.

வெட்கம் வரும் என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அந்த நீலக்கோட்டுச் சேட் எனக்கு நல்ல ஞாபகம். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கிய கைகள்தான், எவ்வளவு தேடியும், ஞாபகத்தில் அகப்படவில்லை. சப்பாத்துக்குள் ஒரு கல் போயிருந்தது. அதையும் எடுக்காமல் நடந்தேன்.

கீழே புல்வெளிக்கு வந்ததும் அவள் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். சாப்பிட்டேன். குதிரைகளைப் பார்த்தோம். குரலை உடைக்கிற யோசனையெல்லாம் போய்விட்டது. சாதாரணமாகக் கேட்டேன்:

"பிள்ளை, வீட்டை வாறியோ?"

"இல்லையப்பா. இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போறன். எனக்கு இஞ்ச பிடிச்சிருக்கு. நீங்கள் வர முதலே யோசிச்சு முடிச்சிட்டன்."

"அப்ப ஏன் அந்த ஃபோமை அப்பிடியே தொங்க விட்டிருக்கிறாய்?"

"நீங்கள் அவ்வளவு தூரம் வாறீங்கள். கேக்க முதல் சைன் பண்ணினா மரியாதை இல்லை எண்டு விட்டிட்டன்."

திங்கட்கிழமை காலை, நின்றபடியே, என் முன்னால் கையெழுத்து வைத்து அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். நான் வியாழக்கிழமை தனியாக ரொறன்ரோவில் இறங்கினேன். மனைவி வந்திருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆளைத் தேடிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். சைரன் ஊதியது, நான் முதல் ஓடினேன், பிள்ளை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், அவள் வரவில்லை என்று சொன்னேன்.