மாத்திரை கொடுத்த பசி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு. மாத்திரையால் இப்போது விரல்களும் நடுங்குகின்றன.

சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். உடம்பு அரித்தபோது பஞ்சுத் தூசி என்று விட்டுவிட்டேன். சிறுநீர் மஞ்சளாகப் போனதைச் சூடு என்று நினைத்தேன். வலியே இல்லை. ஒருநாள் வெயிலில் நின்றபோது மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதுங்க."

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். தாளிப்பதை நிறுத்தினாள். மஞ்சள் கூடிக்கொண்டே போனது.

கோவையில் ஸ்கேன் எடுத்தார்கள்; ஊசி விட்டுக் கொஞ்சம் சதையும் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்தார்கள். கணையம் வீங்கிப் பித்தக் குழாயை அமுக்குகிறது என்றார் டாக்டர். மனைவிதான் கேட்டாள்.

"கேன்சருங்களா?"

"ஊசி போட்டு எடுத்த சதையில அது தெரியலம்மா. ஆனாலும் இல்லைன்னு சொல்லிட முடியாது. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குற நோய் ஒண்ணு இருக்கு. ரத்தப் பரிசோதனை அப்படித்தான் காட்டுது. அதுவா இருந்தா ஸ்டீராய்டு மாத்திரைக்கு வீக்கம் வத்திடும். ரெண்டு வாரம் பார்ப்போம். வத்தலைன்னா ஆபரேஷன்."

அவள் மருந்து வாங்கப் போனதும் என்னிடம் சொன்னார்: "நல்லாப் பசிக்கும். அது மாத்திரையோட வேலை. அதை வெச்சு நோய் குறைஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க."

அப்படியே பசித்தது. தட்டில் இட்லி வைக்க வைக்கக் காலியானது.

"பாத்தீங்களா? நோவு ஓடியே போச்சு! இனி மாவாட்டறதுக்கு எனக்குச் சம்பளம் போட்டுக் குடுங்க" என்று சிரித்தாள். தன் அம்மா வீட்டுக்குப் போன் செய்து அதையே சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தலையாட்டிக்கொண்டே தின்றேன். பசி எடுக்கும்போதெல்லாம் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கண் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அதையும் நம்பப் பயமாக இருந்தது.

மறு ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வீக்கம் வத்திடுச்சு" என்றார் டாக்டர். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இது திரும்பவும் வரலாம், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது, சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

இந்த வாரம் மறுபடி குறைத்திருக்கிறார்கள். இன்று காலை இரண்டு இட்லியோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. அவள் முகம் வாடியது.

"மாத்திரை கொறஞ்சதால இருக்கும் அம்மணி. ஒருவேளை நோவு திரும்பி வருதோ என்னமோ. எனக்குப் பயமா இருக்குது" என்றேன். பயம் என்ற வார்த்தையை அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், இமையை இழுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருக்குதுங்க. எதுக்கும் நாளைக்கே போய் ரத்தம் குடுத்துட்டு வந்தரலாம்."

ஐப்பசி பத்து, ஞாயிற்றுக்கிழமை.