முதல் தட்டு

மருமகள் சிங்க்கில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தியின் முதுகால் அவள் செதில் சுரண்டுகிற வேகத்துக்குப் பாதி சுவரில்தான் போய் ஒட்டியது. அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அடுப்பு அவளுடையது. நான் வெங்காயம் உரிக்கிற எடுபிடி.

அப்போதுதான் என் கணவரின் அண்ணன் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மதியம் சாப்பிட வருகிறார்கள். அவர் குடியிருப்பது மூன்றாம் மாடி, அங்கே லிஃப்ட் ஓடினால் அதிசயம். அதனால் விருந்து எங்கள் வீட்டில், அதாவது அவரும் பிறந்து வளர்ந்த வீட்டில்.

"மீன் அருமையா இருக்கே, எங்க பிடிச்சீங்க?" என்றார். அத்தான் பாராட்டிக்கொண்டே வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். வந்தது. "ஒண்ணு சொல்லணும்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பழக்கம் வேண்டாமே."

"எந்தப் பழக்கம், அத்தான்?" தெரிந்துதான் கேட்டேன்.

"விளையாடாதே. வர்றவங்க பெரிய இடம். அவங்களை உட்கார வச்சிட்டு சமைச்ச பொண்ணு முதல்ல உட்கார்ந்து சாப்பிட்டா என்ன நினைப்பாங்க? அவங்களுக்குப் பரிமாறிட்டு நீங்க உள்ள நிதானமா சாப்பிடுங்க. அம்மாவும் போயாச்சு. இனி யார் வந்து கேக்கப் போறாங்க?"

மருமகள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. என் மாமியாரைப் படத்தில் பார்த்ததோடு சரி.

"பார்க்கலாம் அத்தான்" என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு நாற்காலி துடைக்கப் போனார்.

அவர் சொன்ன அந்தப் பழக்கத்தை இந்த வீட்டில் கொண்டுவந்தவர் என் மாமியார். பஸ் டெப்போவில் இருக்கை தைப்பது அவர் வேலை. கொட்டகையின் பின்பக்கம், டயர் மலைக்கு அடுத்தாற்போல் அவருடைய மெஷின். கிழிந்த இருக்கைகள் கழற்றி வந்து குவியும். பழைய உறையை உரித்து, நுரையைத் தட்டிச் சரிசெய்து, ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். ஆண்களே கை வலிக்கிறது என்று ஓடிவிடுகிற வேலை. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. டெப்போவில் அவருக்கு 'ஊசி' என்றுதான் பெயர். பஸ்ஸில் போனால் சும்மா உட்கார மாட்டார். "தம்பி, கொஞ்சம் எழுந்திரு" என்று எவனையாவது எழுப்பிவிட்டுத் தையலைத் தடவிப் பார்ப்பார். தன் கைத்தையல் என்றால், "உட்காரு, இது உன் பேரன் காலம் வரைக்கும் தாங்கும்" என்பார்.

அந்தக் காலத்தில் அவர் விடியுமுன் எழுந்து வீடு முழுவதற்கும் சமைப்பார். மாமனார், மாமியார், புருஷன், கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது அவருக்கு. பல நாள் ஒன்றும் ஒட்டியிருக்காது. ஒருநாள் மெஷினில் உட்கார்ந்தபடியே கண் இருட்டிச் சரிந்துவிட்டார். கால் மட்டும் மெஷினின் மிதியை விடவில்லை. ஊசி விரலைத் துளைத்து ரெக்சினோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

மீதியை என் மாமனார் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"மறுநாள் காலையில விரல்ல கட்டோட சமைச்சா. எல்லாரும் வந்து உட்கார்ந்தோம். தட்டை எடுத்தா, சோறு போட்டா. எங்கப்பாவுக்குன்னு நினைச்சோம். அவளே நடுவுல உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டா! எங்கம்மா, 'என்னடி அநியாயம் இது'ங்கிறாங்க. இவ மென்னு முழுங்கிட்டு நிதானமா சொல்றா, 'சமைச்சவ சாப்பிடுறா, இதுல என்ன அநியாயம்? நாளைக்கு நீங்க சமைங்க, நீங்க முதல்ல சாப்பிடுங்க.' அவ ஏப்பம் விடுற வரைக்கும் ஒருத்தரும் சட்டியைத் தொடலை."

"நீங்க என்ன பண்ணீங்க மாமா?"

"நானா? தண்ணி எடுத்துக் குடுத்தேன். விக்கிச்சுன்னா?"

தெருவே சிரித்ததாம். புருஷனைக் காக்கவைத்துத் தின்கிறவள் என்று குழாயடியில் பேச்சு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமைத்தவருக்கே முதல் தட்டு என்ற சட்டம் யார் சமைத்தாலும் பொருந்தும் என்றதும் வீட்டுப் பையன்கள் அடுப்படிக்குப் போட்டி போட ஆரம்பித்தார்கள். அதில் முதல் ஆள் அத்தான்தான். மீன் வாங்கின அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து உலை வைப்பாராம், நடுத்துண்டு தனக்கு வேண்டும் என்பதற்காக.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள் போல. முதல் சமையலை முடித்து எல்லாவற்றையும் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். ஒருவரும் தொடவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன். வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோறு ஆறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மாமியார்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, எங்களை எவ்வளவு நேரம் பட்டினி போடுறதா உத்தேசம்? உட்கார்ந்து சாப்பிடு. நீ தின்னு நல்லா இருந்தாத்தானே நாங்க நம்பிச் சாப்பிடலாம்!" விளிம்பு நசுங்கின தன்னுடைய தட்டை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு அழுதுகொண்டே சாப்பிட்டேன். உப்பு கூடிவிட்டது. அதை ஒருவரும் சொல்லவில்லை, அவரைத் தவிர.

தொண்ணூறு தாண்டியும் இருந்தார். கை நடுக்கம் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை உலை மட்டும் அவரே வைப்பார், அந்த ஒருநாள் முதல் தட்டு கிடைக்குமே. படுக்கையோடு ஆன கடைசி மாதங்களில் கஞ்சியைக் கலக்கி ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வார். பிடிக்கவில்லையோ, முடியவில்லையோ என்று முதலில் பயந்தேன். குரல் போய்விட்டது. கண்ணால் கிண்ணத்தைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். நான் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் அவர் வாய் திறந்தது. போகிறவரை அப்படித்தான்.

இதையெல்லாம் மருமகளிடம் முழுதாகச் சொல்ல நேரமில்லை. மீன் பொரிந்துகொண்டிருக்கும்போது அவளே கேட்டாள். "இன்னைக்கு நான் அப்புறமாவே சாப்பிடுறேன் அத்தை. ஒருநாள்தானே? எதுக்குப் பெரியப்பாகூட வம்பு?"

ஒருநாள்தான். ஆனால் இன்றைக்குச் சம்பந்திக்காக விட்டால், நாளைக்கு வேறு யாராவது பெரிய மனிதருக்காக விட வேண்டிவரும். கொஞ்ச நாளில் இந்தப் பெண் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகப்போகிற அத்தான் மகளும் நாளைக்கு ஒரு அடுப்பின் முன்னால் நிற்கப்போகிறவள்தான்.

"சமைச்சது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்."

மேல்தட்டிலிருந்து அந்த நசுங்கின தட்டை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். கூடத்தில் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறும் மீனும் மற்றதும் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். பரிமாறவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கதவிடுக்கில் பார்த்தால் என் கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக இருந்தார். அத்தான் அவரை முறைத்தார். பிறகு தானே கரண்டியை எடுத்துச் சம்பந்தியின் தட்டை நோக்கி ஒரு கரண்டி சோறு அள்ளினார். அள்ளிய கை பாதியில் நின்றது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. கரண்டியைச் சோற்றிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"யாராவது வரணுமா?" என்று சம்பந்தி அம்மா கேட்டது எனக்குக் கேட்டது.

அத்தான் எழுந்து உள்ளே வந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அம்மா வளர்த்த கை, ஒரு கரண்டி சோறு போட மாட்டேங்குது. எல்லாரும் என் வாயையே பார்த்துட்டு இருக்காங்க. யாருக்காகக் காத்திருக்கோம்னு கேக்கிறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

மருமகள் தட்டில் சோறு போட்டு, எடுத்துவைத்திருந்த நடுத்துண்டை அதன்மேல் வைத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தட்டோடு அவரைக் கடந்து கூடத்துக்குப் போனாள்.