நடுப் பெட்டிக்கு ஓர் இடம்

"சத்தம் வருது. சொல் வரேல்லை."

தன் காதைப் பற்றி என் மனைவி சொன்னது இவ்வளவுதான். இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதுக்குக் கிட்ட நின்று கதைத்தால் பிடிக்கும். காதுக்கு ஒரு மெஷினும் வாங்கினோம். டிவி ஓடும்போது அதைப் போட்டால் "தலைக்குள்ள தகரத்தில மழை பெய்யுது" என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அவள் படம் பார்க்காமல் விட்டதுகூட எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. என் கவலையெல்லாம் அவளுடைய தங்கையைப் பற்றித்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே போர்வையை இழுத்துச் சண்டை பிடித்து வளர்ந்த இரண்டு பேர். தங்கை இப்போது கனடாவில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அங்கே அது காலை, வீடியோவில் அழைப்பாள். முந்தி அந்த அழைப்பு வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் கிடைக்காது, அப்படிக் கதை. காது மங்கிய பிறகு, தங்கை "சாப்பிட்டியா? சுகமா?" என்று கத்துவாள். இவள் கையை ஆட்டுவாள். பிறகு லப்டொப்பை என் பக்கம் திருப்பிவிட்டுக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இராது. ஒரு ஞாயிறு அழைப்பே வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாமன்கடையில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி பண்ணியது. சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு பெட்டிக்கும் அனுப்பும் அவர்களுடைய ஹோம் தியேட்டர் ரிசீவரையும் ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளையும் வாங்கி, த்ரீவீல் ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். மனைவி கதவைத் திறந்து பார்த்தாள்.

"கேக்காத காதுக்கு அஞ்சு பெட்டியோ?"

எனக்கு இந்த வேலையை யாரும் படிப்பித்ததில்லை. மாட்டிப் பார்த்து, கழற்றிப் பார்த்து வந்த அறிவுதான். வழக்கம்போல டிவிடி பிளேயரையும் லப்டொப்பையும் டிவியின் முதுகில் குத்தினேன். படம் வந்தது. ஐந்து பெட்டியும் ஊமையாக இருந்தன. எதிர் வீட்டு நானாவைக் கூப்பிட்டேன். கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டியே தலை நரைத்தவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன அண்ணன் இது? எல்லாரையும் நேரா டிவிக்கு அனுப்பிட்டு, ரிசீவர வாசல்ல நிப்பாட்டி வெச்சீக்கீங்க. எல்லாம் மொதல்ல இதுக்குள்ள வரணும். இதுல இருந்து ஒரே ஒரு வயர்தான் டிவிக்குப் போகணும்."

அப்படியே மாற்றினோம். லப்டொப் ஒரு துளைக்கு. பழைய டிவிடி பிளேயருக்குச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை வயர்; கடற்காற்றில் பச்சை பிடித்துப் போயிருந்தது. துணியால் தேய்த்துக் குத்தினால் சத்தம் வந்தது, படத்தைக் காணோம். மஞ்சள் முனைதான் படம் கொண்டுவருவது, அதற்கு ரிசீவரிலிருந்து டிவிக்குத் தனியாக இன்னொரு மஞ்சள் வயர் இழுக்க வேணும் என்று சொல்லி நானா அதையும் மாட்டினார். பிறகு பெட்டிகளுக்கு வந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, டிவிக்குக் கீழே ஒன்று.

"இந்த நடுப் பெட்டிதான் வாய். படத்துல ஆக்கள் கதைக்கிறது இதுலதான் வரும். பாட்டு, இடி, மழையெல்லாம் மத்ததுல."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நானா தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நடுப் பெட்டியைத் தூக்கி, மனைவியின் கதிரைக்கு வலப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, அவளுடைய காது மட்டத்துக்கு வைத்துவிட்டேன். வயரைப் பாய்க்குக் கீழே விட்டேன்.

நானா தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழும்பினார். "அல்லாவே! ஆள் அங்க நிண்டு வாயசைப்பான், சத்தம் இங்க கதிரைக்குப் பக்கத்துல வரும். பாக்கிறவங்க சிரிப்பாங்க அண்ணன்!"

"ஆர் பாக்க வாறது?" என்றாள் மனைவி. நானா கத்தியதால் அவளுக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது.

நானா ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனை அமத்தினார்; ஒரு பழைய படத்தைப் போட்டோம். அவள் கதிரையில் சாய்ந்தபடி பெட்டிப் பக்கம் தலையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"அட, இவன் நல்லவனே! இவ்வளவு காலமும் இவனைக் கள்ளன் எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கை எடுக்க முந்தி நானே அழைத்தேன். லப்டொப்பை மனைவிக்கு முன்னால் சின்ன மேசையில் வைத்திருந்தேன். அதிலிருந்து நீளமான கேபிள் ரிசீவருக்குப் போனது. நானாவும் வந்து கதவோரம் நின்றார். தங்கையின் முகம் டிவியில் பெரிதாக வந்தது. "அக்கா! சுகமா?" சத்தம் முன்னால் இருந்த இரண்டு பெட்டிகளில் இருந்துதான் வந்தது. கதிரைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி மூச்சு விடவில்லை. மனைவி கையை ஆட்டினாள். சிரித்தாள். கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பத் தொடங்கினாள்.

"அண்ணன், ரிமோட்!" என்றார் நானா. "இந்த வீடியோ கோல்ல வாறது ரெண்டு பெட்டிக்கான சத்தம். நீங்க சென்னாத்தான் நடுவுக்குப் போகும். டிவிடிக்கு நான் அமத்தின மாதிரி லப்டொப்புக்கும் சரவுண்ட் பட்டன அமத்துங்க!"

ரிமோட்டில் அந்தப் பட்டனைத் தேடுகிறேன், கண்ணாடி இல்லை. நானா பறித்து அமத்தினார்.

அந்த நேரம் தங்கை கத்துவதை விட்டிருந்தாள். அக்கா எழும்புவதைப் பார்த்துவிட்டு, என்னிடம், அவளுக்குக் கேட்காது என்ற துணிவில், மெல்லக் கேட்டாள்:

"அத்தான், அக்கா இண்டைக்கும் எழும்பிப் போறாவோ?"

அது கதிரைக்குப் பக்கத்துப் பெட்டியில் வந்தது.

"நான் எங்கயடி போறன்?" என்றாள் மனைவி. மறுபடி கதிரையில் இருந்தாள்.

டிவியில் தங்கையின் முகம் அப்படியே நின்றது. படம் உறைந்துவிட்டதாக்கும் என்று கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை, அவள்தான் அசையவில்லை. பிறகு ஒரு சிரிப்பு, அதற்குள் கொஞ்சம் மூக்கு உறிஞ்சல்.

"கேக்குதோ அக்கா? மெல்லமாத்தானே கதைக்கிறன்."

"பக்கத்தில படுத்திருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. சொல்லு."

"அத்தான் இப்பவும் குறட்டையோ?"

"அதுக்குத்தான் ஆண்டவர் ஒரு காதை எடுத்தவர். அந்தக் காதை அவர் பக்கம் வைச்சுப் படுக்கிறன்."

நானா வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். தங்கை சிரித்து முடித்துப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் குரல் இன்னும் இறங்கியது.

"அக்கா, உனக்கு ஒண்டு சொல்ல வேணும். கத்திச் சொல்ல ஏலாத விஷயம், வீட்டில ஆக்கள். அதுதான் இவ்வளவு நாளும் உள்ளுக்கயே வைச்சிருந்தனான்."

மனைவி எங்கள் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வெளியில நில்லுங்கோ."

கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் இருந்தோம். கீழே காலி வீதிப் பக்கம் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. நானா வீட்டிலிருந்து இரண்டு கிளாஸ் பிளேன் டீ வந்தது.

"என்னவா இருக்கும் அண்ணன்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? எங்களைக் கலைச்சுப் போட்டினமே."

உள்ளே தங்கையின் குரல் எங்களுக்கு எட்டவில்லை. கேட்டதெல்லாம் என் மனைவியின் "ம்" மட்டும். ஒரு "ம்". கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்ம்". தலையை ஆட்டிச் சமாளிக்கிறவளுக்கு அந்த "ம்" வராது. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, அதற்குப் பிறகு என்ன என்று காத்திருக்கிறவளுக்குத்தான் வரும். காது மங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதை நான் கேட்டதில்லை.

நானா கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போக எழும்பப் பார்த்தார். அவர் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

"இருங்கோ நானா. இன்னும் முடியேல்லை."