கப்பலிலிருந்து இறங்கிய ஜன்னல்

செய்தி நேராக வரவில்லை. மேஸ்திரியின் மகள் வெளிநாட்டில் கட்டும் வீட்டில் வட்ட ஜன்னல் வைக்கிறாளாம் என்று மச்சினியின் மருமகன் யாரிடமோ கேட்டு, மச்சினியிடம் சொல்லி, மச்சினி தன் பங்குக்கு மசாலா சேர்த்து மேஸ்திரியின் மனைவியிடம் இறக்கிவிட்டுப் போனாள். காதில் விழுந்ததும் மேஸ்திரி சிமெண்ட் கரண்டியைக் கழுவாமலேயே வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்.

தலைகால் புரியாததற்குக் காரணம் உண்டு. இளவயதில், வெளிநாட்டு மாடலில் வீடு வேண்டுமென்று ஒருவர் பத்திரிகைப் படம் ஒன்றைக் கொடுத்தார். வெள்ளைச் சுவர், கம்பிக் கைப்பிடி, வரிசையாக வட்ட ஜன்னல்கள், கீழ்ப்பாதி கிழிந்திருந்தது. மேஸ்திரி ஆணியில் கயிறு கட்டி வட்டம் போட்டு, அச்சு அசலாகக் கட்டி நிறுத்தினார். ஊரே வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கும் என்றார், எதிர்வீட்டுக்காரர் எனக்கு இரண்டாக வையுங்கள் என்றார். தெருவே வட்டமான பிறகுதான், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் படத்தைப் பார்த்து, இது வீடே இல்லை, கப்பல் என்று போட்டு உடைத்தார். அப்புறம் தூறல் விழுந்தாலே போதும், நங்கூரம் போட்டாச்சா என்று கேட்காத ஆளில்லை. மேஸ்திரி அசரவில்லை. தன் வீட்டிலும், அதுவும் மகளின் அறையில், ஒன்றைத் திறந்தார்.

மகள்தான் மசியவில்லை. எந்தத் திரையும் அதற்குப் பொருந்தாது. விடிந்ததும் வெயில் தட்டுப்போல் முகத்தில் வந்து உட்காரும்.

"அப்பா, இது ஜன்னலா, வாஷிங் மெஷினா? நான் வீடு கட்டினா நாலு மூலை இருக்கிற ஜன்னல்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஊர்க் கிண்டலையெல்லாம் துடைத்துப் போட்டவருக்கு இது மட்டும் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

"ரொம்பக் குதிக்காதீங்க. என் தங்கச்சி சொன்னா பாதியைக் கழிச்சுக்கணும்" என்றாள் மனைவி.

"கழிச்சுக்கோ. அரைவட்டமாவது மிஞ்சுமில்ல?"

சிமெண்ட் விரலுக்கு போன் திறக்க மறுத்தது. வேட்டியில் துடைத்து, மறுபடி அழுத்தி, ஒருவழியாக மகளின் எண்ணைப் போட்டார். மணி போனது. வைப்பதானால் கீழ்விளிம்பில் லேசாக வெளிப்பக்கம் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும் என்று மனைவிக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார்.

"முதல்ல வைக்கிறாளான்னு கேளுங்க."

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். மணி போய்க்கொண்டே இருந்தது.